வகுப்பில் பிள்ளை தூங்குவது யார் குற்றம்?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனமும் இல்லை, ஊக்கமும் இல்லை என்பதாக இன்று நாட்டில் ஒரு பெரிய கூக்குரல் இருந்து வருகின்றது. உபாத்தியாயர்கள் கூடும் இடத்தில் இதே பேச்சு. பெற்றோர்கள் கூடும் இடத்தில் இதே பேச்சு. ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்க வருகின்ற கனவான் வாயிலும் இதே பேச்சுத்தான். பிள்ளை வகுப்பில் தூங்குகிறது, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறது, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறது, புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிறது, கைப்பேசியைக் கொடுத்தால் மட்டும் விழித்துக் கொள்கிறது என்கின்றார்கள். இவ்வளவையும் சொல்லி விட்டு முடிவாக, "அவன் தலையில் எழுதினது அவ்வளவுதான்; அவனுக்குப் படிப்பு வராது" என்று தீர்ப்பும் கூறி விடுகின்றார்கள்.

இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். ஏனெனில் இது பள்ளிக்கூடத்து நாலு சுவருக்குள் அடங்கி விடுகிற சங்கதி அல்ல. படிப்பு வராது என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளை நாளைக்குச் செங்கல் சூளைக்கும், பஞ்சாலைக்கும், ஓட்டல் மேசை துடைக்கவும் போகின்றது. பெண்ணாயிருந்தால் அதன் கழுத்தில் தாலி ஏறுகின்றது. அப்படிப் போகிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தால், பாட்டனும் பாட்டியும் எழுத்தறியாத வீட்டுப் பிள்ளைகளாகவே பெரும்பாலும் இருப்பார்கள். ஆகவே வகுப்பில் ஒரு பிள்ளை கொட்டாவி விடுகின்றது என்பது சமூக நீதியைப் பற்றின விஷயமேயாகும்.

கேள்வி எங்கே போயிற்று?

நாலு வயதுக் குழந்தையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்கும். மழைக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கும். செத்துப் போன தாத்தா எங்கே போனார் என்று கேட்கும். சாமி சிலைக்கு வைத்த சோறு ஏன் அப்படியே இருக்கிறது என்றும் கேட்கும். காலையில் விழித்தது முதல் இரவு கண் மூடும் வரை அதன் வாய் ஓய்வதில்லை. பெற்றவர்கள் பதில் சொல்லி மாளாமல், "சும்மா கிட" என்று அதட்ட வேண்டியதாயிருக்கின்றது. இந்தக் குழந்தைக்கு ஊக்கமில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

அதே குழந்தை பத்து வயதில் வகுப்பில் ஊமைப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கின்றது. நடுவில் நடந்தது என்ன? நோய் வந்ததா? மூளை தேய்ந்ததா? ஒன்றும் இல்லை. நடுவில் அது பள்ளிக்கூடத்திற்குப் போயிற்று, அவ்வளவுதான். வீட்டில் "பெரியவர்களை எதிர்த்துக் கேட்காதே" என்றார்கள். கோயிலில் "சாமி விஷயத்தில் கேள்வி கேட்டால் கண்ணைக் குத்தும்" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் "குறுக்கே பேசாதே, சொன்னதை எழுது" என்றார்கள். மூன்று இடத்திலும் வாயை அடைத்து விட்டு, பிள்ளைக்கு ஊக்கமில்லையே என்று அழுவது, கையைக் கட்டிப் போட்டுவிட்டு நீந்தத் தெரியவில்லையே என்று அழுவது போன்றதாகும்.

ஊக்கம் என்பது வெளியிலிருந்து சங்கில் ஊற்ற வேண்டிய மருந்தல்ல. எல்லாப் பிள்ளைகளிடமும் அது இருக்கின்றது. அதை நாம் கொல்லாமல் இருந்தால் போதும் என்பதே நமது அபிப்பிராயம்.

குருட்டுப் பாடம் வந்த வழி

நமது நாட்டில் படிப்பு என்பது இன்ன ஜாதிக்கு உண்டு, இன்ன ஜாதிக்கு இல்லை என்று நெடுங்காலம் விதி வைத்திருந்தார்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் படிப்பு உண்டு என்று சொல்லப்பட்ட கூட்டத்தாருக்கும் அது எப்படிச் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மந்திரத்தைச் சத்தம் பிசகாமல் சொல்ல வேண்டும். அர்த்தம் தெரிய வேண்டியது அவசியமில்லை. ஏன் என்று கேட்பது பாவம். நெட்டுருப் போட்டவன் பண்டிதன். சந்தேகம் கேட்டவன் நாஸ்திகன். இதுதான் முறை. புரியக் கூடாத விஷயத்தைக் கற்றுக் கொடுப்பதற்கு இந்த முறை மெத்தப் பொருத்தமானதுதான். ஆனால் கணக்கையும், பூகோளத்தையும், விஞ்ஞானத்தையும் அதே முறையில் சொல்லிக் கொடுத்தால் அவையும் மந்திரமாகத்தானே ஆகும்?

தன் ஆசையாலேயே படித்த ஒரு மாணவனைப் பற்றிப் புராணக்காரர்கள் ஒரு கதை வைத்திருக்கின்றார்கள். ஏகலைவன் என்கின்ற வேடப் பையன், ஜாதியின் காரணமாகத் துரோணரால் துரத்தப்பட்டு, காட்டில் தானாகவே வில் வித்தையைக் கற்றுக் கொண்டான் என்பது கதை. ஊக்கம் என்றால் இதைவிட என்ன ஊக்கம் வேண்டும்? அதற்குக் குரு கொடுத்த பரிசு என்ன? வலது கைக் கட்டை விரலை வெட்டி வாங்கிக் கொண்டார். இப்படிப்பட்டவர் பெயரால் இந்தியச் சர்க்கார் விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு 1985 முதல் விருதும் கொடுத்து வருகின்றார்கள்! பிள்ளைகளுக்கு ஊக்கமில்லை என்று வருத்தப்படுகின்ற கனவான்கள், ஊக்கமுள்ள பிள்ளையை நமது பழைய தர்மம் என்ன செய்தது என்பதை ஒரு தடவை நினைத்துப் பார்ப்பார்களாக.

நிற்க, பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்தது எல்லாம் கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் மணலில் தங்கள் விரலால் எழுதிப் பழகினார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்கு 1789 இல் மேற்பார்வையாளராக வந்த ஆண்டுரு பெல் என்ற பாதிரியார், இந்த இரண்டையும் பார்த்துத் தன் பள்ளியில் கையாண்டு, 1797 இல் லண்டனில் ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரால் இங்கிலாந்தில் அது பரவியது. ஏன் பரவியது? அந்த முறையில் பிள்ளையின் கைக்கு வேலை இருந்தது; பக்கத்தில் இருந்த பிள்ளையுடன் பேச இடம் இருந்தது. கைக்கும் வாய்க்கும் வேலையுள்ள பிள்ளை தூங்குவதில்லை. அந்த நல்லதைச் சீமைக்காரன் எடுத்துக் கொண்டு போனான். கோதண்டத்தில் தொங்க விடுவதையும், பிரம்பையும், கூட்டமாகக் கத்தி ஒப்பிப்பதையும் நாம் பத்திரமாக வைத்துக் கொண்டோம்.

நாலு வைத்தியங்கள்

பிள்ளைகளின் கவனத்தைப் பிடித்து வைப்பதற்கு நம்மவர்கள் சொல்லும் வைத்தியங்கள் நாலு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது பிரம்பு. "அடியாத மாடு படியாது" என்பது இவர்கள் வேதவாக்கு. பிள்ளை மாடல்ல என்பது ஒருபுறமிருக்கட்டும். 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17 ஆவது பிரிவில், பிள்ளையை உடலால் தண்டிப்பதும் மனத்தால் வதைப்பதும் கூடாதென்று சொல்லியிருக்கின்றது. அச்சட்டத்திற்கு முன் 2007 இல் இந்தியச் சர்க்காரே 13 மாகாணங்களில் எடுத்த ஆராய்ச்சியில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். இவ்வளவு அடியும் ஊக்கத்தைக் கொண்டு வந்ததா? நாய் துரத்த ஓடுகிறவன் வழியில் உள்ள மரங்களின் பெயரைக் கவனிப்பானா? பயந்த பிள்ளையின் கவனம் முழுவதும் உபாத்தியாயர் கையில் இருக்குமே தவிர, அவர் சொல்லும் பாடத்தில் இருக்காது. பிரம்பு அமைதியைக் கொண்டு வரும் என்பதை ஒப்புக் கொள்கிறோம். சுடுகாட்டிலும் அமைதிதான் இருக்கின்றது.

இரண்டாவது, பெயிலாக்கி விடுவோம் என்கிற பயம். எட்டாவது வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாதென்று 2009 சட்டம் சொல்லிற்று. 2019 இல் அதைத் திருத்தி, 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் அதற்கு விதியும் வெளியிட்டார்கள். அதன்படி அவர்கள் நடத்தும் பள்ளிகளில் ஐந்தாவதிலும் எட்டாவதிலும் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் மறு பரீட்சை; அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். தமிழ்நாட்டுச் சர்க்கார் இதை ஏற்க மாட்டோம் என்று உடனே அறிவித்தது சரியான காரியமேயாகும். பத்து வயதுப் பிள்ளையைப் பெயிலாக்கினால் யார் பெயிலாவார்கள்? வீட்டில் சொல்லிக் கொடுக்கத் தாயும், டியூசனுக்குக் கட்டப் பணமும் உள்ள பிள்ளையா? 1953 இல் ராஜாஜி அவர்கள், அரை நேரம் பள்ளிக்கூடம், அரை நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். நாடு கொதித்தெழுந்து, காமராசர் அவர்கள் முதன் மந்திரியானவுடன் 1954 இல் அது குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. அப்பன் தொழிலுக்குப் போ என்று அன்று வாய் திறந்து சொன்னார்கள். இன்று பெயில் என்று ஒரு வார்த்தை எழுதிக் காகிதத்தில் கொடுத்தால் பிள்ளை தானாகவே போய்விடும். இதுதான் வித்தியாசம்.

மூன்றாவது பரிசு. முதல் மார்க்கு வாங்கினால் சைக்கிள், ராங்கு வாங்கினால் கைக்கடிகாரம் என்கின்றார்கள். அமெரிக்காவில் 1973 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியை இங்கே சொல்லலாம். சித்திரம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் சிலரிடம், "நன்றாக வரைந்தால் பொன் முத்திரையும் நாடாவும் வைத்த பத்திரம் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் விளையாட விட்டுப் பார்த்தார்கள். பரிசு ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போல் பாதியளவே வரைந்தன. முன்பு தன் ஆசைக்கு வரைந்த குழந்தை இப்போது கூலிக்கு வரைகிற குழந்தையாகி, கூலி நின்றதும் வேலையையும் நிறுத்திக் கொண்டது. பரீட்சை முடிந்த அன்றே நம் பிள்ளைகள் புத்தகத்தைக் கிழித்துப் பறக்க விடுவதன் இரகசியம் இதுதான்.

சற்று யோசித்தால், பிரம்பும் பரிசும் மதக்காரர்களிடமிருந்து வந்த சரக்குகளே என்பது விளங்கும். நல்லவனாய் இரு, மோட்சம் கிடைக்கும். இல்லாவிட்டால் எண்ணெய்க் கொப்பரை என்பதுதானே அவர்கள் உபதேசம்? நல்லது எதனால் நல்லது என்று சொல்ல முடியாதவனுக்குத்தான் மோட்சமும் நரகமும் வேண்டும். பாடம் எதற்காகப் படிக்க வேண்டும் என்று சொல்ல முடியாத பள்ளிக்கூடத்துக்குத்தான் பரிசும் பிரம்பும் வேண்டும்.

நாலாவது வைத்தியம் இப்பொழுது புதிதாக வந்திருப்பது. கூலி கொடுத்தோ, கொடுக்காமலோ ஊக்கப் பேச்சாளர் என்ற ஒருவரைக் கூட்டி வந்து பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசச் சொல்வது. 2024 ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் ஓர் அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தன்னம்பிக்கை ஊட்ட வந்தவர், மறுபிறவி என்றும் கர்மம் என்றும் பேசி, ஒருவர் குறையுள்ளவராகவும் ஏழையாகவும் பிறப்பதற்குப் போன ஜன்மத்துப் பாவமே காரணம் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னார். அங்கேயே இருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். வந்தவர் அவரோடு மல்லுக்கு நின்றார். அது படமாக நாடெங்கும் பரவி, கண்டனம் எழுந்து, பேசியவர் செப்டம்பரில் கைது செய்யப்பட்டார்.

பேசியவரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. இதிலுள்ள வேடிக்கையைத்தான் கவனிக்க வேண்டும். உன் நிலைமைக்கு உன் பூர்வ ஜன்ம வினையே காரணம் என்றால், பிறகு படிப்பானேன், முயற்சி செய்வானேன்? உலகத்திலே ஊக்கத்தைக் கொல்லக் கண்டுபிடித்த மருந்துகளில் கர்மத்தைவிட வீரியமான மருந்து வேறில்லை. அதையே ஊக்க மருந்து என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வந்து விற்கத் துணிந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அன்று உண்மையான பாடம் நடத்தினவர் எழுந்து நின்று கேள்வி கேட்ட அந்த ஆசிரியரேயாவார்.

பின் எதுதான் வழி?

இதெல்லாம் கூடாதென்றால் என்னதான் செய்வது என்று கேட்பார்கள். கேட்பது நியாயமே.

முதலில் வயிறு. பசித்த பிள்ளைக்குக் கவனம் வராது. இதை 1920 இலேயே உணர்ந்து, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் அவர்கள் சென்னை நகரசபைத் தலைவராக இருந்த பொழுது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 1956 இல் காமராசர் அவர்கள் மதிய உணவைக் கொண்டு வந்தார். 1982 இல் எம்.ஜி.ஆர். அவர்கள் அதைச் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாயிற்று. "பள்ளிக்கூடமா, சத்திரமா?" என்று இதைக் கேலி பேசினவர்கள் ஒவ்வொரு காலத்திலும் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது வெறும் வயிற்றோடு வாய்ப்பாடு படித்தவராக இருக்க மாட்டார்.

இரண்டாவது மானம். அம்பேத்கர் அவர்கள் சிறு பிள்ளையாகச் சாத்தாராவில் படித்த பொழுது, தான் உட்காரச் சாக்குத் துண்டைத் தானே கொண்டு போக வேண்டும். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக் கூடாது. குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்து விட்டால்தான் தண்ணீர், பியூன் வராவிட்டால் தாகத்தோடு இருக்க வேண்டும். இவ்வளவிலும் அவர் படித்தார் என்று பெருமை பேசுவதோடு நாம் நிறுத்திக் கொள்ளலாமா? அதே சாக்கில் உட்கார்ந்து, தாங்க மாட்டாமல் எழுந்து போய் விட்ட பிள்ளைகள் எத்தனை இலட்சம்? இன்று சாக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால் "நீ எந்தத் தெரு?" என்று கேட்டு விட்டுப் பார்க்கும் பார்வை போய் விட்டதா? "உங்களுக்கெல்லாம் எதற்குப் படிப்பு?" என்கிற வார்த்தை போய் விட்டதா?

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்து 1968 இல் புத்தகமாக வந்த இன்னொரு சோதனை உண்டு. ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளை எந்தத் தகுதியும் பாராமல் குருட்டாம்போக்கில் பொறுக்கி, "இந்தப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் புத்தி நன்றாக மலரப் போகிறது, பரீட்சையில் தெரிந்தது" என்று உபாத்தியாயர்களிடம் சொல்லி வைத்தார்கள். வருஷக் கடைசியில் பார்த்தால், முதல் இரண்டு வகுப்புகளில் அப்படிச் சொல்லப்பட்ட சின்னப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். அந்தச் சோதனையைக் குறை கூறினவர்களும், பலன் அவ்வளவு பெரிதல்ல என்றவர்களும் உண்டு. ஆயினும் ஆசிரியர் மனத்தில் உள்ள மதிப்பு பிள்ளையின் படிப்பைத் தொடுகின்றது என்பதை எவரும் மறுத்ததாகச் சொல்ல முடியாது. அங்கே பொய்யாகச் சொல்லப்பட்ட ஒரு நல்ல வார்த்தை அவ்வளவு செய்தால், இங்கே ஆயிரக்கணக்கான வருஷங்களாக, "இவன் ஜாதிக்குப் புத்தி மட்டு" என்று சொல்லி வந்த பொய் எவ்வளவு செய்திருக்கும்?

மூன்றாவதும் முக்கியமானதும் கேள்வி. நமது பிரசாரக் கூட்டங்களைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார மாட்டாமல் ஓடிவந்தவன், நாள் முழுதும் மூட்டை தூக்கிவிட்டு வந்து, தெருமுனையில் மூன்று மணி நேரம் நின்று கொண்டே கேட்கிறான். அவனுக்கு யார் பரிசு கொடுத்தார்கள்? யார் பிரம்பு காட்டினார்கள்? அவன் வீட்டுச் சங்கதி அங்கே பேசப்படுகிறது. அவன் கும்பிடும் சாமியும், அவன் கட்டும் வட்டியும், அவன் மகள் கலியாணமும் அங்கே பேசப்படுகிறது. சந்தேகம் இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். மேடையில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். பெரியார் அவர்கள் தாம் சொல்வதையே அப்படியே நம்பி விட வேண்டாம், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள் என்று சொல்லாத கூட்டம் உண்டா? பள்ளிக்கூடத்தில் சில ஆண்டுகளே இருந்த அவர், இலட்சக்கணக்கான ஜனங்களைத் தூங்காமல் வைத்திருந்தார். இந்த வித்தை ஏன் வகுப்புக்குள் வரக் கூடாது?

மேரி பட் ரோ என்கிற அமெரிக்க அம்மையார் 1970 ஆம் ஆண்டுகளில் வகுப்புகளில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். உபாத்தியாயர் ஒரு கேள்வி கேட்டு விட்டுப் பதிலுக்குச் சராசரி ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினால் போதும், பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" என்பது குறைகின்றது, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசுகின்றன, பிள்ளைகளே கேள்வியும் கேட்கின்றன என்று கண்டார். இதற்குப் பணம் வேண்டுமா, கட்டடம் வேண்டுமா? வாயை மூடிக் கொண்டு இரண்டு விநாடி அதிகம் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

பாடமும் வாழ்வும்

கிரகணத்தை எடுத்துக் கொள்ளுங்கள். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வருவது சூரிய கிரகணம் என்று பிள்ளை படிக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறது. வீட்டுக்கு வந்தால், கிரகணம் விடுகிற வரை சாப்பிடாதே, வெளியே போகாதே, விட்டதும் தலை முழுகு என்கிறார்கள். 2019 டிசம்பர் 26 காலையில் கோயமுத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சிப் பக்கங்களில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. மரத்தடியில் இலை இடுக்குகளின் வழியாக விழும் வெளிச்சமெல்லாம் தரையில் சின்னச் சின்ன வளையங்களாக விழும். ஓர் அட்டையில் ஊசித் துளை போட்டு வெள்ளைக் காகிதத்தில் பிடித்தாலும் தெரியும். கண் கெடாமல் பார்க்கிற வழி அது. அதைப் பிள்ளைகளோடு தெருவில் நின்று பார்த்த உபாத்தியாயர்களும் உண்டு. கதவைச் சாத்திக் கொண்டு உள்ளே இருந்து, கிரகணம் விட்டதும் குளித்த விஞ்ஞான உபாத்தியாயர்களும் உண்டு. பாடத்தில் ஒன்று, பூசை அறையில் ஒன்று என்றால், சொல்கிறவருக்கே நம்பிக்கையில்லாத பாடத்தைக் கேட்கிறவன் தூங்காமல் என்ன செய்வான்?

கணக்குக்கு வருவோம். "ஒருவன் 10,000 ரூபாய் கடன் வாங்கினான்" என்று புத்தகத்தில் உள்ளதைப் படித்தால் அந்த ஒருவன் யாரோ. ஊரில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்று வாங்குகிறார்களே, அது வருஷத்துக்கு எவ்வளவு என்று பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். மாதம் 300, வருஷம் 3,600, மூன்று வருஷத்தில் 10,800. முதலுக்கு மேல் வட்டியே கட்டியாயிற்று, முதல் அப்படியே நிற்கின்றது என்று கண்ட பிள்ளை கொட்டாவி விடாது, அன்று இரவு தாயிடம் போய், "நாம் எவ்வளவு வாங்கினோம்?" என்று கேட்கும். திருவிழா வரியையும், வாண வேடிக்கைச் செலவையும் அதே பலகையில் போடச் சொன்னால், அந்தப் பணத்தில் வாசகசாலைக்கு எத்தனை புத்தகம் வாங்கலாம் என்ற கணக்கையும் அதுவே போடும்.

இதெல்லாம் நடக்கக் கூடிய காரியமா என்று சந்தேகிப்பவர்களுக்கு, நம் சர்க்கார் பள்ளிகளிலேயே நடந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற முறையைத் தொடங்கி, 2007 க்குப் பின் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளில் கொண்டு வந்தார்கள். உபாத்தியாயர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளையின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில் படித்தது. இதைப் பார்க்க வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். அதில் குறைகளும் இருந்தன. அட்டையையும் பாயையும் மாற்றி விட்டு மனப்பான்மையை மாற்றாத இடத்தில், அட்டையும் இன்னொரு நெட்டுருவாகவே ஆயிற்று. ஆனாலும் நாற்காலி இறங்கினால் வானம் இடிந்து விழுந்து விடாது என்பது ருசுவாயிற்று.

ஆட்சேபணைகள்

"கேள்வி கேட்க விட்டால் ஒழுங்கு கெட்டுப் போகும்" என்பார்கள். கேள்வி கேட்பது ஒழுங்கீனம் என்பது எஜமானன், அடிமை என்கிற காலத்து நியாயம். இளைஞர்களைக் கேள்வி கேட்கப் பழக்கி அவர்களைக் கெடுத்தான் என்று கிரேக்க நாட்டில் சாக்ரடீசை விஷம் கொடுத்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் பெயர் இன்று யாருக்காவது நினைவிருக்கிறதா? இந்திய அரசியல் சட்டத்திலேயே 1976 இல் 51அ என்ற பிரிவைச் சேர்த்து, விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று எழுதியிருக்கின்றார்கள். ஆகவே வாயை மூடு என்கிற உபாத்தியாயர்தான் சட்டத்தை மீறுகிறார்.

"பிள்ளை கேட்கிற கேள்விக்கு எங்களுக்கே பதில் தெரியாவிட்டால் மதிப்புப் போகுமே" என்பது இரண்டாவது ஆட்சேபணை. "எனக்குத் தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்; நீயும் தேடிப் பார்" என்று சொல்லுங்கள். எல்லாம் தெரிந்தவர் என்று யாரும் இல்லை என்பதைப் பிள்ளை அறிந்து கொள்வது ஒரு பெரிய பாடம். அதை அறிந்த பிள்ளை நாளைக்கு எந்தச் சாமியார் காலிலும் விழாது.

"பாடத்தை முடிக்க நேரமில்லை" என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க நாம் தயாராயில்லை. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் உபாத்தியாயர் என்று சட்டம் சொல்லுகின்றது. ஆனால் ஐந்து வகுப்பையும் இரண்டே பேர் வைத்துக் கொண்டு, வருகைப் பதிவும், விவரப் பதிவும், தேர்தல் வேலையும் பார்க்கிற பள்ளிகள் கிராமங்களில் இருக்கத்தான் இருக்கின்றன. எழுத்து வேலையில் பாதி நாளைத் தொலைத்தவரிடம் ஊக்கத்தை எதிர்பார்ப்பது அவருக்கும் அநியாயம், பிள்ளைகளுக்கும் அநியாயம். உபாத்தியாயர்களை நியமிக்காமல் உபதேசத்தை மட்டும் அனுப்பி வைக்கிற சர்க்காரைக் கேட்க வேண்டியது நமது கடமையாகும்.

செய்ய வேண்டியவை

ஆகவே நாம் சொல்லுவதாவது:

1. ஒரு வகுப்புக்கு ஓர் உபாத்தியாயரைச் சர்க்கார் நியமிக்க வேண்டும். அவர்களைக் கணக்கெழுதுகிற வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும்.

2. சாமியார், ஜோசியர், கர்மம் பேசுகிறவர் யாராயிருந்தாலும், ஊக்கம் ஊட்டுகிறேன் என்ற பெயரால் பள்ளிக்கூடத்துக்குள் நுழையவிடக் கூடாது.

3. உபாத்தியாயர்கள் ஒவ்வொரு பாட வேளையிலும் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பிள்ளைகளின் கேள்விக்கென்று ஒதுக்க வேண்டும். வாய் திறந்து கேட்க வெட்கப்படும் பிள்ளைகள், முக்கியமாய்ப் பெண் பிள்ளைகள், நமது கூட்டங்களில் போலத் துண்டுச் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி வைக்கலாம்.

4. பெற்றோர்கள், "உனக்குப் படிப்பு வராது" என்ற வார்த்தையை வீட்டில் உச்சரிக்கவே கூடாது. அது கெட்ட வார்த்தை என்று எண்ண வேண்டும்.

5. நமது தோழர்கள், மாலை நேரங்களில் மன்றத்தையும் படிப்பகத்தையும் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்து, பள்ளிக்கூடத்தில் கேட்க முடியாத கேள்வியை அங்கே கேட்க இடம் செய்ய வேண்டும். சீட்டாடுவதற்கு விளக்குப் போடுகிற மன்றங்கள் இதைக் கவனிப்பார்களாக.

இவற்றில் முதலிரண்டைத் தவிர மற்றவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றே ஆரம்பிக்கலாம். உபாத்தியாயர்களில் நமது கொள்கைக்கு அனுதாபமுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் தங்கள் வகுப்பில் இதை ஒரு மாதம் நடத்திப் பார்த்து, பிள்ளைகள் என்ன கேள்விகள் கேட்டார்கள் என்பதையும், எதற்குத் தங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்பதையும் நமக்கு எழுதினால், அவற்றை இப்பத்திரிகையில் வெளியிட்டு, நம்மாலான பதிலையும் எழுதக் காத்திருக்கின்றோம்.